வள்ளைப் பாட்டும் வாழ்வியற் கலையும்

கலை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் நெஞ்சில் தோன்றுவன கோயிற் சிற்பமும், அரங்கேறும் ஆடலும், அவையில் ஒலிக்கும் இசையும், புலவர் பாடிய காப்பியமுமே ஆகும். இவை யாவும் வினை ஒழிந்த பொழுதில், வினைக்குப் புறம்பான இடத்தில் நுகரப்படுவன. ஆதலின், உண்டு உடுத்து எஞ்சிய காலத்தில், எஞ்சிய பொருளைக் கொண்டு ஒரு சமுதாயம் வளர்த்துக்கொள்ளும் அணிகலனே கலை என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. இக்கருத்து மெய்யாயின், உண்டற்கும் உடுத்தற்குமே நாள் போதாத பெரும்பாலான மக்களுக்குக் கலையோடு தொடர்பு இல்லை என்று கூறுதல் வேண்டும். அவர்தம் பாட்டு இலக்கியம் ஆகாது என்றும், அதனை ஆராய்தல் திறனாய்வின் பாற்படாது என்றும் கொள்ள நேரும். பழந்தமிழ் நூல்கள் இம்முடிவுக்கு இடந்தருகின்றனவா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு யாம் எடுத்துக்கொண்டது வள்ளைப் பாட்டு என்னும் ஒரு சிறு வகையாகும்.

கருப்பொருளுள் கலை

அகத்திணையின் பொருளைத் தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார் என்பதை அனைவரும் அறிவர். அவற்றுள் கருப்பொருள் என்பது ஒரு நிலத்திற் பிறந்து அந்நிலத்து மக்களின் வாழ்வுக்கு இடனாக நிற்பது. அந்நிலத்தார் வழிபடும் தெய்வம், உண்ணும் உணவு, உடன் வாழும் விலங்கும் பறவையும், நிழல் தரும் மரம் ஆகியவை கருப்பொருளுள் அடங்குதல் இயல்பே. ஆயின் ஆசிரியர் பறையையும் யாழையும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணினார். அவ்விரண்டற்கும் இடையே, மக்கள் செய்யும் தொழிலைக் குறிக்கும் செய்தி என்பதை வைத்தார். இவ்வைப்புமுறை யாப்பின் பொருட்டு அமைந்தது என ஒருவர் கூறலாம். அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் உணவையும் தொழிலையும் இசையையும் ஒரே வகைக்குள் அடக்கிய செயல் யாப்பின் பொருட்டு அமைந்ததன்று. அது வாழ்க்கையைப் பற்றிய ஒரு தெளிந்த கருத்தின் விளைவு. நெல்லும் தினையும் எவ்வாறு நிலத்தில் விளைவனவோ அவ்வாறே பறையும் பண்ணும் நிலத்தில் விளைவன என்பது அக்கருத்து.

உரையாசிரியர்களும் பின்வந்த அகப்பொருள் நூலாரும் நிலந்தோறும் பறைக்கு இட்டுக் கூறும் பெயர்கள் இதனை வலியுறுத்தும். முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தற்கு மீன்கோட்பறை. இப்பெயர்கள் பறையின் வடிவம் பற்றியோ ஓசை பற்றியோ எழுந்தனவல்ல. ஏறு தழுவுதல், நெல் அரிதல், மீன் கொள்ளுதல் என்னும் தொழில்களே அவற்றின் பெயராயின. தொழிலை நீக்கிவிட்டால் அப்பறைக்குப் பெயரும் இல்லை. இசைக்கருவியை அதனோடு நிகழும் வினையால் பெயரிட்டு அழைத்த மக்கள், கலையை ஓய்வின் பொருளாகக் கருதினார் என்பது பொருந்துமா என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வள்ளையின் இயல்பு

நெல், தினை, மூங்கிலரிசி முதலியவற்றை உரலிற் பெய்து மகளிர் குற்றுங்கால் பாடுவது வள்ளை. உலக்கைப் பாட்டு எனவும் இதனைக் கூறுவர். இப்பாட்டின் இயல்பை உணர்தற்கு முதற்கண் அத்தொழிலின் இயல்பை உணர்தல் வேண்டும். ஓர் உரலில் இருவர் நின்று மாறி மாறி உலக்கை ஓச்சுவர். ஒருத்தியின் உலக்கை வீழும்பொழுது மற்றவளின் உலக்கை உயர்தல் வேண்டும். காலம் இம்மியளவு பிழைப்பினும் உலக்கையோடு உலக்கை மோதும், கை நோகும், தவசம் சிதறும். எண்ணிக்கொண்டு குற்றுவதாயின் சிறிது பொழுதிலேயே எண்ணம் சலித்துவிடும். பாட்டு அவ்வெண்ணிக்கையைத் தன்னுள் வாங்கிக்கொள்கின்றது. அடியின் அசைவு கையின் அசைவாகின்றது. மூச்சு விடும் இடமும் சொல் முடியும் இடமும் ஒன்றாகின்றன. எனவே இங்குப் பாட்டு தொழிலுக்குத் துணை என்று மட்டும் கூறுதல் போதாது. உலக்கையைப் போலவே அதுவும் அத்தொழிலின் ஒரு கருவி ஆகும்.

மலைபடுகடாத்தை இவ்விடத்து நினைவு கூர்தல் தகும். நன்னனது மலையில் எழும் பல்வேறு ஓசைகளைப் பெருங்கௌசிகனார் அடுக்கிக் கூறிச் செல்கின்றார். அருவியின் ஓசையும் விலங்கின் ஓசையும் தொழில் செய்வார் எழுப்பும் ஓசையும் அதனுள் விரவி வருகின்றன. அவற்றின் நடுவே, தினை குற்றும் மகளிரது வள்ளையும் ஓர் ஓசையாக இடம் பெறுகின்றது. புலவர் அதனைத் தனியே எடுத்துப் பாராட்டவில்லை, தாழ்த்தவும் இல்லை. அருவி மலைக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு உரியது வள்ளை என்பது போல அமைதியாகக் கூறிச் செல்கின்றார். அப்பாட்டின் மற்றொரு பெயர் கூத்தராற்றுப்படை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. கூத்தும் இசையும் தொழிலாகக் கொண்ட கலைஞர் செல்லும் வழியிலே, கலைஞர் அல்லாத மகளிரின் பாட்டு அவர்களை எதிர்கொள்கின்றது.

குறிஞ்சிக் கலியின் வள்ளைகள்

வள்ளையை இலக்கியமாக ஆக்கிய சிறப்புக் குறிஞ்சிக் கலிக்கு உரியது. கலித்தொகையின் 40 முதல் 43 வரையுள்ள பாடல்கள் தலைவியும் தோழியும் குற்றிக்கொண்டே பாடும் முறையில் அமைந்தவை. யானைக் கோடு உலக்கையாகின்றது; சந்தன மரத்தாலும் உலக்கை அமைகின்றது; சேம்பின் இலை சுளகாகின்றது; பாறையிற் குழிந்த இடம் உரலாகின்றது. குற்றப்படுவன தினையும் மூங்கில் நெல்லும் ஐவன நெல்லும். கோட்டாலும் சந்தனத்தாலும் ஆகிய உலக்கை புலவர் புனைவே எனினும், உரலிற் பெய்யப்படுவது மலைவாழ்நர் உண்ணும் உணவே என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்பாடல்களில் ஒருத்தி தலைவனைப் பழிக்கின்றாள். மற்றவள் அவனைப் போற்றுகின்றாள். 41ஆம் பாடலில் ஒருத்தி, சூள் பிழைத்தவனது மலையில் அருவி இன்னும் விளங்கி வீழ்கின்றதே என வியப்பாள் போலப் பழிக்கின்றாள். கொடியோர் நாட்டில் நீர்வளம் குன்றும் என்னும் நம்பிக்கை அப்பழிப்பின் உட்கிடை. மற்றவளோ, அவன் வாய்மையில் பொய் தோன்றுதல் திங்களில் நெருப்புத் தோன்றுவது போல்வதாம் என மறுக்கின்றாள். இவ்வுரையாடலின் வடிவமே நம் ஆராய்ச்சிக்கு உரியது. முதலாமவள் தன் கருத்தைத் தொடங்குங்கால் ஒரு சிறு தொடரை இருமுறை மடக்கிக் கூறி, மூன்றாம் முறை அதனோடு சொற்சேர்த்து நீட்டி, பின்னரே கருத்தை முடிக்கின்றாள். மறுமொழி கூறுபவளும் அதே அச்சில் தன் தொடரை இருமுறை மடக்கி மூன்றாம் முறை நீட்டுகின்றாள். ஏட்டில் படிப்பார்க்கு இம்மடக்கு வீண் சொல்லாகத் தோன்றலாம். உரலருகே நின்று கேட்பார்க்கு அவ்வாறு தோன்றாது. உலக்கை உயர்ந்து வீழும் இரண்டு ஓச்சுக்கு இரண்டு தொடர். அதற்குள் அடுத்த சொல் நெஞ்சில் உருவாகிவிடும். ஒருத்தி ஓச்ச மற்றவள் ஓச்சுதல் போல, ஒருத்தி பழிக்க மற்றவள் போற்றுகின்றாள். தொழிலின் வடிவம் பாட்டின் வடிவமாகவும், பாட்டின் வடிவம் கருத்தின் வடிவமாகவும் ஆகிவிட்டது. கலிப்பாவுக்கு உரிய துள்ளலோசை இதற்கு எவ்வளவு இயைந்து நிற்கின்றது என்பதைப் பாடிப் பார்த்தே உணர்தல் வேண்டும்.

இனி, இப்பாட்டு மகளிர்க்குச் செய்யும் உதவியை நோக்குவோம். களவொழுக்கத்தில் நிற்கும் தலைவிக்குத் தலைவனைப் பற்றி வாய்விட்டுக் கூறும் உரிமை இல்லை. அன்னைக்கும் ஊரார்க்கும் அஞ்சி அவள் தன் துயரை உள்ளடக்குகின்றாள். 43ஆம் பாடலில், தெய்வத்தை ஏத்துவார் போல மலைநாடனைப் பாடுவோம் எனத் தோழி அழைக்கின்றாள். கேட்பார்க்கு அது தெய்வப் பாட்டு. குற்றுவார்க்கு வெறும் வள்ளை. தலைவிக்கோ அதுவே நெஞ்சு திறக்கும் வாயில். நேரிற் கூறின் பழியாகும் சொல், தொழிற்பாட்டாக வருங்கால் பழியாவதில்லை. 42ஆம் பாடலில் தலைவன் மறைந்து நின்று இப்பாட்டைக் கேட்கின்றான். பின்னே வந்து தழுவுகின்றான். ஞாயிற்றைக் கண்ட இருள் போல அவள் துயர் நீங்கியது எனத் தோழி கூறுகின்றாள். ஈண்டுப் பாட்டு தூதாயிற்று.

ஆயினும் 43ஆம் பாடலின் முடிவே எம் கருத்துக்கு மிகுதியும் துணை செய்வது. அங்குத் தலைவன் வந்து தழுவியதாகக் கூறப்படவில்லை. இருவரும் கூடி அவன் இயல்பைப் பாடிய அளவிலேயே, அவன் வந்து அளி செய்தாற் போலத் தலைவியின் வாடிய தோள் பூரித்தது என்று பாட்டு முடிகின்றது. ஒன்றில் பாட்டு அவனைக் கொணர்ந்தது. மற்றொன்றில் அவன் வாராத இடத்தும் அவன் வரவின் பயனை அளித்தது. கலையால் விளையும் பயன் யாது என வினவுவார்க்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுவதில்லை. அது விரும்பிய பொருளைக் கையில் தருவதில்லை. அப்பொருள் இன்றியும் அடுத்த நாளை எதிர்கொள்ளும் வலிமையை உடலுக்கும் உள்ளத்துக்கும் தருகின்றது. பூரித்தது உள்ளம் எனக் கூறாது தோள் எனக் கூறிய நுட்பத்தையும் நோக்குக. உலக்கை ஓச்சுவதும் அத்தோளே.

பேதையூரும் பரணரும்

வள்ளைப் பாட்டைக் குறை கூறியோர் அக்காலத்தும் இருந்தனர் என்பதற்குக் குறுந்தொகை 89ஆம் பாடல் சான்று. பரணர் பாடிய அப்பாட்டு தோழி கூற்றாக அமைந்தது. இளமகள் ஒருத்தி உரலிற் குற்றிக்கொண்டே வள்ளை பாடினாள். அயலார் அதனைப் பற்றிப் பழி பேசுகின்றனர். இப்பேதையூரின் பேச்சுக்கு நாம் வருந்துவது எதற்கு எனத் தோழி வினவுகின்றாள். பாடலின் செய்தி இவ்வளவே. ஆயினும் திறனாய்வாளர் கருதற்குரிய இரண்டு நுட்பங்கள் அதனுள் உள்ளன.

ஒன்று, தோழி பழிச்சொல்லை மறுத்து வாதிடவில்லை. தலைவி பாடியது குற்றமன்று என்று நிறுவ முயலவும் இல்லை. ஊரையே பேதை என்று ஒதுக்கிவிடுகின்றாள். குற்றுபவள் பாடுதல் அத்துணை இயல்பானது. அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என எண்ணுவதே அறியாமை என்பது அவள் உட்கோள். மற்றொன்று, அவ்விளமகளுக்குப் பரணர் காட்டிய உவமை. பொறையனது கொல்லி மலையில் தெய்வம் அமைத்த பாவை சங்கப் பாடல்களிற் பெரிதும் போற்றப்படும் ஓர் உருவம். மனிதக் கைக்கு எட்டாத கலைப்பொருளாகக் கருதப்பட்டது. அப்பாவையைக் குற்றிப் பாடும் ஒருத்திக்கு உவமையாக்கினார் புலவர். உவமை அவள் அழகைக் குறித்தே வந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், ஊரார் பழித்த அதே இடத்தில் இவ்வுவமையை வைத்த செயல் பொருளற்றதாகாது. கலையின் உச்சமாக மதிக்கப்பட்டதனையும் அன்றாடத் தொழிலில் நிற்கும் பெண்ணையும் ஒரு வரிசையில் நிறுத்திக் காணும் பார்வை அது. பேதையூர் இழந்தது அப்பார்வையையே.

தினையும் முத்தும் மெய்யும்

வள்ளை காப்பியத்துட் புகுந்த வரலாற்றைச் சிலப்பதிகாரம் காட்டும். அந்நூலில் தொழிற்பாட்டுகள் இருவேறு இடங்களில் இருவேறு நிலையில் வருகின்றன. நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் காவிரிக் கரை வழியே செல்கின்றனர். ஏரைத் தொழுது பாடும் ஏர்மங்கலமும், களத்து நெல்லோடு இயைந்த முகவைப் பாட்டும், விருந்திற் பாணியும் அவர்கள் செவியில் விழுகின்றன. வீட்டை நீத்து, பொருள் இழந்து, வழிநடை அறியாத கால்களோடு செல்லும் அவர்கள், அவற்றை ஆர்வத்தோடு கேட்டு அவலம் கொள்ளாது நடந்தனர் என்கின்றார் இளங்கோவடிகள். புகாரில் கோவலன் யாழெடுத்துப் பாடிய கானல்வரி, அவனையும் மாதவியையும் பிரித்தது. வயலில் யாரோ யார்க்கோ பாடிய பாட்டு, அவனும் கண்ணகியும் கூடி நடத்தற்குத் துணையாயிற்று. இவ்வேறுபாட்டை மிகைப்படுத்தல் தகாது; கானல்வரியும் நெய்தல் நில மக்களின் பாட்டு மரபில் வேர் கொண்டதே. ஆயினும், தன்னை நோக்கிப் பாடப்படாத பாட்டே இடருற்றவனுக்கு ஆறுதல் அளித்தது என்னும் உண்மை மறக்கத்தக்கதன்று.

மற்றோர் இடம் வஞ்சிக் காண்டத்து வாழ்த்துக் காதை. இமயத்துக் கல்லில் கண்ணகிக்குப் படிமம் அமைத்துச் செங்குட்டுவன் கோயில் எடுத்துவிட்டான். அரச வினை முடிந்தது. அதன்பின் அடிகள் அம்மானையும் கந்துகமும் ஊசலும் வள்ளையும் பாடச் செய்கின்றார். மகளிர் பந்தாடுங்காலும் ஊசல் ஆடுங்காலும் உலக்கை ஓச்சுங்காலும் பாடும் பாட்டுகள் இத்துணைப் பெரிய காப்பியத்தின் முடிவில் எதற்கு? கல்லில் நாட்டிய தெய்வம் மக்கள் நாவில் நிலைபெற்றாலன்றி மக்கள் தெய்வம் ஆவதில்லை என்பதை அடிகள் உணர்ந்திருந்தார் என்றே யாம் கருதுகின்றோம். மூவேந்தர் நாட்டையும் ஒரு காப்பியத்துள் இணைக்க முயன்ற அவர், அவ்விணைப்பை உரலருகே முடித்து வைக்கின்றார். வள்ளையில் புகார் மகளிரும் மதுரை மகளிரும் வஞ்சி மகளிரும் ஒருவர்பின் ஒருவராகக் குற்றுகின்றனர்.

ஆயின் அவர்கள் குற்றுவது நெல்லன்று, முத்து. உலக்கையும் கரும்பாகவும் பவழமாகவும் யானைக் கோடாகவும் அமைகின்றது. குறிஞ்சிக் கலியில் கருவி மட்டுமே புனைவாயிற்று. உணவு உணவாகவே நின்றது. இளங்கோவடிகளிடத்தில் உணவும் அணியாயிற்று. முத்தைக் குற்றினால் பொடியன்றிப் பயன் யாதும் இல்லை. நாட்டின் வளத்தைக் காட்டுதற்கு இப்புனைவு பெரிதும் உதவுகின்றது. வேந்தரை வாழ்த்தும் நோக்கத்துக்கு இயைந்ததே. எனினும், பசிக்கு அரிசி ஆக்கும் தொழிலிலிருந்து பாட்டு ஓர் அடி விலகி நின்றதையும் நாம் காணாதிருத்தல் கூடாது.

திருவாசகத்தில் இம்மாற்றம் வேறொரு திசையிற் செல்கின்றது. இருபது பாடல்களால் ஆகிய திருப்பொற்சுண்ணம், இறைவன் ஆடுதற்குரிய நறுஞ்சுண்ணத்தை இடிக்க மகளிர் ஒருவரை ஒருவர் அழைக்கும் முறையில் அமைந்தது. ஒவ்வொரு பாட்டும் அவ்வழைப்பிலேயே சென்று முடிகின்றது. அவற்றுள் ஒன்றில் உலகம் முழுதும் உரலாகவும், மேருமலை உலக்கையாகவும், மெய்ம்மையே மஞ்சளாகவும் காட்டப்படுகின்றன. தினை முத்தாயிற்று, முத்து மெய்யாயிற்று. இதனைத் தொழிலிலிருந்து இன்னும் தொலைவிற் சென்ற நிலை எனக் கூறத் தோன்றும். வழக்காறு அதனை மறுக்கின்றது. யாழ்ப்பாணத்துச் சைவர் இறுதிக் கடன் ஆற்றுங்கால் சுண்ணம் இடிப்பதும், இடிக்குங்கால் திருப்பொற்சுண்ணம் ஓதுவதும் இன்றும் உள்ள வழக்கம். உரலும் உலக்கையும் கையும் குரலும் அங்கு மீண்டும் ஒன்று கூடுகின்றன. ஆற்றொணாத் துயரில் நிற்போர்க்குச் செய்தற்கு ஒரு வினையையும், சொல்லுதற்கு ஒரு சொல்லையும் அப்பாட்டு தருகின்றது. மிக உயர்ந்த மெய்ப்பொருட் கருத்தை ஏற்றுக்கொண்ட பின்னும் வள்ளை தன் பிறப்பிடத்தை மறவாதிருப்பதற்கு இதுவே சான்று.

இரண்டு தடைகள்

இதுகாறும் கூறியவற்றிற்கு இரண்டு தடைகள் எழுதல் கூடும். குறிஞ்சிக் கலி கற்றறிந்த புலவர் பாடியது. உண்மையில் தினை குற்றிய மகளிர் பாடியது அன்று. ஆதலின் மக்கள் கலைக்கு அது சான்றாகாது என்பது ஒன்று. புலவர் பாடியது என்பதை யாம் ஏற்றுக்கொள்கின்றோம். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்த புலனெறி வழக்கத்துக்குக் கலிப்பா உரியது எனத் தொல்காப்பியரே கூறியுள்ளார். ஆயின் புலவர் எதனைப் பின்பற்றினர் என்பதே வினா. இருகுரல் மாற்றும், தொடர் மடக்கும், இயற்பழிப்பும் இயற்புகழ்ச்சியும் உரலருகே கேட்டுப் பழகாத ஒருவர்க்குத் தோன்றியிருத்தல் அரிது. பாட்டோடு ஒத்த இயல்பினவாகிய பண்ணத்திக்கும், பிசிக்கும், முதுமொழிக்கும் செய்யுளியலில் இடம் அளித்த மரபு, மக்கள் வாய்மொழியைப் புறக்கணித்திராது.

மற்றொரு தடை இதனினும் வலியது. கடுந்தொழிலின் துன்பத்தைப் பாட்டு மறைத்தது. அத்துன்பத்தை இனிமையாகக் காட்டிப் பெண்டிரை உரலோடு பிணித்தது. அதனைப் போற்றுதல் அறமாகுமா என்பது அது. இதற்கு விடை கூறாது செல்லுதல் நேர்மையன்று. நாள்தோறும் விடியலில் நெல் குற்றுதல் எலும்பை வருத்தும் தொழில். இருபதாம் நூற்றாண்டில் நெல் அரைக்கும் ஆலைகள் ஊர்தோறும் பரவியபோது பெண்டிர் மகிழ்ந்தனரேயன்றி வருந்தினாரல்லர். உலக்கை மீண்டும் வருதல் வேண்டும் என யாம் கூறவில்லை. ஆனால் பாட்டு துன்பத்தை மறைத்தது என்னும் கூற்று வள்ளைகளை உற்று நோக்கினார்க்குப் பொருந்தாது. 41ஆம் பாடலில் ஒலிப்பது பழிச்சொல். குறுந்தொகையில் ஊரார் அஞ்சியது அப்பாட்டையே. வெளிப்படக் கூற இயலாத முறையீட்டைக் கூறுதற்குப் பெண்டிர்க்கு வாய்த்த ஓரிடமாக உரல் இருந்தது. அவ்விடத்தை அவர்களுக்குத் தந்தது தொழில் அன்று, பாட்டு.

இன்றைய நிலை

இழப்பு யாது என்பதை இப்பொழுது தெளிவாகக் கூறலாம். ஆலை வந்தபோது தொழிலின் துன்பம் நீங்கியது. அதனோடு பாட்டும் நீங்கியது. ஏற்றம் நின்று நீரிறைக்கும் எந்திரம் வந்தபோது ஏற்றப்பாட்டு நின்றது. நாற்று நடும் எந்திரம் புகுந்த வயலில் நடவுப் பாட்டு ஒலிப்பதில்லை. பாரதியார் குயிற்பாட்டில் ஏற்றநீர்ப் பாட்டையும், நெல் குற்றும் மகளிரின் ஒலியையும், சுண்ணம் இடிப்பாரின் பண்ணையும் கேட்டு நெஞ்சைப் பறிகொடுத்ததாகக் கூறுவர். அவர் செவிக்கு அவை ஊரின் நாள்தோறும் எழும் ஒலிகள். நமக்கோ அவை உரை வேண்டி நிற்கும் செய்திகள். இன்றும் தொழில் செய்வார் அருகே பாட்டு ஒலிக்கின்றது. வானொலியிலிருந்தும் கைபேசியிலிருந்தும் வருகின்றது. அது களைப்பை மாற்றுகின்றது என்பதும் உண்மையே. ஆயினும் அது பிறர் பாடிய பாட்டு. கேட்பவள் தன் பழிச்சொல்லை அதனுட் பெய்தல் இயலாது. தோழி அதற்கு மறுமொழி பாடுதலும் இயலாது.

மறைந்து வந்த பாட்டுகளைத் தொகுத்த சான்றோர்க்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மக்வீன் திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958இல் மலையருவி என்னும் பெயரால் பதிப்பித்தார். நா. வானமாமலையின் தமிழர் நாட்டுப்பாடல்கள் 1964இல் வந்தது. இவர்கள் முயலாதிருந்தால் இன்று நம் கையில் எஞ்சுவது மிகச் சிறிதேயாகும். ஆயினும் அச்சேட்டில் சொல் மட்டுமே நிற்கும். உலக்கையின் ஓச்சும், மூச்சின் நிறுத்தமும், எதிர்நின்ற தோழியின் குரலும் அங்கு நில்லா.

இவ்விடத்தில் தமிழாய்வு செய்வோர் இருவகைப் பிழைக்கு ஆளாகின்றனர் என்பது எம் கருத்து. ஒரு சாரார் செய்யுள் இலக்கணம் பயின்ற கண்ணால் இப்பாட்டுகளை நோக்கி, மடக்கையும் பொருளிலாச் சொல்லையும் குறையெனத் தள்ளுகின்றனர். மற்றொரு சாரார் இவற்றை அன்போடு ஏற்கின்றனர். ஏற்றபின் சாதி வழக்கம், திருமண முறை, உணவு வகை ஆகியவற்றிற்குச் சான்று தேடும் களஞ்சியமாக மட்டும் பயன்படுத்துகின்றனர். முன்னவர் இவற்றைக் கலையென ஒப்புவதில்லை. பின்னவர் கலையென ஒப்பியும் கலையாக ஆராய்வதில்லை. செய்ய வேண்டுவது வேறு. இப்பாட்டு எத்தொழிலுக்கு உரியது, அத்தொழிலின் அசைவை எவ்வாறு தன் யாப்பாக்கிக் கொண்டது, எச்சொல்லை மறைத்து எச்சொல்லை வெளியிட்டது, பாடியபின் பாடினார் நிலை எவ்வாறு மாறியது எனக் கேட்டல் வேண்டும். குறிஞ்சிக் கலிக்கு நாம் கேட்கும் கேள்விகளும் இவையே. ஒரே அளவுகோல் இரண்டற்கும் பொருந்துமாயின், அவற்றிற்கிடையே நாம் எழுப்பிய சுவர் பயனற்றது என்பது புலனாகும்.

முடிவுரை

கலை அன்றாட வாழ்வுக்கு வேண்டுவதா என்னும் வினா, அவ்விரண்டும் வெவ்வேறு என்னும் எண்ணத்திலிருந்து எழுவது. உணவையும் தொழிலையும் பண்ணையும் ஒரு வகையாக எண்ணிய தொல்காப்பியர்க்கு அவ்வினா எழுந்திராது. வள்ளை ஒரு சிறு வகை. பெரும்புலவர் பெயரைச் சார்ந்து நிற்பதன்று. இன்று பெரும்பாலும் மறைந்துபோனது. எனினும் தினை குற்றிய கைக்கு அளவாகவும், களவில் வருந்திய நெஞ்சுக்கு வாயாகவும், வழி நடந்தார் கேட்ட வயற்பாட்டுகளோடு ஓரினமாகவும், கல்லில் நின்ற தெய்வத்துக்கு வாழ்த்தாகவும், இறந்தாரைப் பிரிந்தார்க்கு ஆற்றும் வினையாகவும் அது நின்றது. இத்தனையும் செய்த ஒன்றை ஓய்வுநேர அணி என்று கூறுதல் பேதையூரின் கூற்றேயாகும்.

உரல் இல்லாத வீடுகளில் இன்று நம் மாணவர் வளர்கின்றனர். அவர்கள் குறிஞ்சிக் கலியைப் பயிலுங்கால், ஆசிரியர் இருவரை எதிரெதிரே நிறுத்தி, கையசைத்து மாறி மாறிப் பாடச் செய்தல் நன்று. மடக்கு எதற்கு என்னும் வினாவுக்கு உரை தேவைப்படாது. அதன்பின் அவர்கள் தத்தம் ஊருக்குச் சென்று, பாட்டு நினைவிலுள்ள முதியோர் முன் அமர்ந்து, சொல்லை மட்டும் எழுதிக்கொள்ளாது, பாடுங்கால் அவர் கை எவ்வாறு உயர்ந்து தாழ்கின்றது என்பதையும் குறித்துவருவாராயின், அதுவே இத்துறைக்கு ஆற்றும் நற்றொண்டாகும்.